பால்டி அண்ணேயும் என் பித்தவெடிப்பும்

ஈப்போவில் குதிகாலை மட்டும் பார்த்தே ஆள் யார் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பால்டி அண்ணேதான். ஈப்போ என்ன, உலகத்திலேயே இன்னொருவர் இருக்க முடியாது. இருந்தால் இந்நேரம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

நானும் அவரும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜாகா வேலை பார்த்தோம். காவல் என்று பெயர். நான் தூக்கத்தைக் காத்தேன், அவர் காலைக் காத்தார். நாலு மணியானால் நீல நிற பால்டியில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, இரண்டு காலையும் உள்ளே விட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்துவிடுவார். கேட்டுக்கு வெளியே கார்கள் ஹாரன் அடிக்கும்.

"இன்னும் பத்து நிமிசம் ஆகலலா! பொறுங்க, தாஹான் பண்ணுங்க!"

கேட்டைத் திறக்கும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நான் அப்போது பொறுப்பாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை மூன்றாம் மாடியில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. திருடன் எங்களுக்குக் குட் மார்னிங் சொல்லிவிட்டு, எங்கள் முன்னாலேயே அதை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். விசாரிக்க வந்த போலீஸ் சார்ஜன் நம்ம தமிழ் ஆள்.

"அண்ணே, ஆளு எப்படி இருந்தான்?"

"வலது குதியில மூணு வெடிப்பு. நடு வெடிப்பு ஆழம். குளிச்சிட்டு எண்ணெ தொடுறதே இல்ல சார், பாவம்."

"மூஞ்சி?"

"மூஞ்சிய யாரு சார் பாத்தா?"

சார்ஜன் என் பக்கம் திரும்பினார். திருடனுக்கு நானும் பதிலுக்குக் குட் மார்னிங் சொன்னதை மட்டும் ஒப்புக்கொண்டேன்.

என் தோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாமி என்னைச் செய்யும்போது எண்ணெய் தீர்ந்துபோயிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நோட்டில் எழுதியதைவிட, முழங்காலுக்குக் கீழே நகத்தால் வெள்ளை வெள்ளையாகக் கீறி எழுதியதுதான் அதிகம். அதிலும் எழுத்துப் பிழை. மூன்றாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். குதிகால் சுத்தமாக வறண்ட ஏரி. நான் புரண்டு படுத்தால் போர்வை கிழியும். என் மனைவி கட்டிலின் நடுவே தலையணையை வைத்து எல்லை போட்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில் என் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் என்றால் பாதபூஜை. பெண் தன் தாய் தகப்பன் காலைத் தட்டில் வைத்து, பால் ஊற்றிக் கழுவி, பொட்டு வைக்க வேண்டும். அதோடு போனால் சமாளித்திருப்பேன். அந்த மண்டபத்தில் சுவர் முழுக்கப் பெரிய திரை. மேடையில் நடப்பதெல்லாம் அதில் தெரியும். என் குதிகால், பத்தடி உயரத்தில், ஐந்நூறு பேர் முன்னால்! அப்புறம் அவர்களுக்குச் சோறு இறங்குமா?

"எனக்குப் பதிலா என் தம்பி உக்காரட்டும்லா" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். கவிதா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

விஷயத்தைக் கேட்ட பால்டி அண்ணே, "சப்பாத்தக் கழட்டு" என்றார். நகைக்கடைக்காரர் வைரத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அருமையான காலுடா! கல்யாணத்துக்கு எத்தன வாரம் இருக்கு?"

"ஆறு, அண்ணே."

"மொதல்ல கிளினிக்குக்குப் போயி இனிப்பு நீர், சக்கர வியாதி இருக்கான்னு பாத்துட்டு வா. அப்பறந்தான் நான் தொடுவேன்."

இல்லை என்று தெரிந்ததும் ஆட்சி ஆரம்பமானது. சூடாகத் தண்ணீர் ஊற்றினால், "கால ஊற வைக்கிறியா, கோழிக்கு றெக்க புடுங்குறியா?" கல்லை வைத்து அழுத்தித் தேய்த்தால், "சிமெண்டுத் தரையாடா அது? மெல்ல!" ஈரம் காய்வதற்குள் களிம்பு பூச வேண்டும், அதன்மேல் பருத்திக் காலுறை. ஆசைப்பட்டு ரோஜா வாசனைக் களிம்பு வாங்கிப் போனேன். "மூக்குலயா பூசப் போற? எரிச்சல்தான் வரும், போயி மாத்திட்டு வா" என்று துரத்தினார். காலுறையோடு படுத்த என்னைப் பார்த்து மனைவி, "எந்தத் திடல்ல பந்து ஆட்டம்?" என்றாள். ஆனாலும் நாலாவது வாரம் தலையணை எல்லை கொஞ்சம் நகர்ந்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள். இரண்டு வெடிப்பு மட்டும் பிடிவாதமாக நின்றது. அப்போது என் மூளை வேலை செய்தது, அதுதான் ஆபத்து. காம்பார் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தில், காலில் வெடித்தால் ரப்பர் பாலை ஊற்றி அடைத்துக்கொள்வார்கள். காய்ந்து தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். இப்போது அங்கே எல்லாம் எண்ணெய்ப்பனை. பாலுக்கு எங்கே போவது? சப்பாத்து ஒட்டும் பசையை வாங்கி இரண்டையும் நிரப்பி, பெருமையாகக் காலுறையை மாட்டிக்கொண்டு படுத்தேன்.

காலையில் காலுறை கழலவில்லை. இழுத்தால் உயிர் போனது.

நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். பால்டி அண்ணே திட்டவில்லை. என் காலைப் பால்டியில் ஊறவைத்து, தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவி, கத்தரிக்கோலால் நூல் நூலாக எடுத்தார். கேட் அன்றைக்கு ஆவென்று திறந்தே கிடந்தது.

"அண்ணே, ஏதாச்சும் திட்டுங்களேன். பயமா இருக்கு."

குனிந்தபடியே சொன்னார்: "எம் மவ கல்யாணத்துல எங்காலு இதவிட மோசம்டா. வெக்கப்பட்டு, வயித்துவலின்னு சொல்லிட்டு சமையக்கட்டுல போயி ஒளிஞ்சிக்கிட்டேன். அவ மாமன் கால கழுவுனா. இன்னிக்கி வரைக்கும் அவ அதப்பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. நீ உக்காரணும். சொல்லிட்டேன்."

வீட்டுக்குப் போய் அண்ணே ஒளிந்துகொண்ட கதையைச் சிரிப்பாகச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. கவிதா கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று திரையில் என் கால் வந்தது. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் எழுந்து ஓடவில்லை. கவிதா பால் ஊற்றிக் கழுவி, துண்டால் ஒற்றினாள். முதல் வரிசையிலிருந்து பால்டி அண்ணேயின் குரல் வந்தது.

"வெரல் இடுக்குல தொடச்சி விடும்மா! ஈரம் நிக்கக் கூடாது!"

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். கவிதா எனக்குப் பொட்டு வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பெரியப்பா, எனக்கு சரியா வரல. நீங்க மேல வந்து உக்காருங்க. ஒங்க கால்ல செய்றேன், பாத்து சொல்லிக் குடுங்க."

பாடம் எடுக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நம்பி, சப்பாத்தை உதறிவிட்டு வேகமாக மேடையேறினார். தட்டில் காலை வைத்து, "மொதல்ல குதியிலேருந்து…" என்று ஆரம்பித்தார். பால் விழுந்தது. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கவிதா அந்தக் காலில் நெற்றியை வைத்தாள்.

"சரியா பெரியப்பா?"

 கவிதாவிடமிருந்து துண்டை வாங்கி, அவர் காலை நானே விரல் விரலாகத் துடைத்துவிட்டேன்.