கூறுகாரர் வாயை மூடிய மத்தியானங்கள்

தாழ்வுபாட்டுக் கரையில் கூறுகாரரின் வாயை அடைக்க அலையிரைச்சலாலும் முடியவில்லை. அவர் மனைவியாலும் முடியவில்லை. அதைச் செய்தது ஒரு முந்திரிகைக் கொடி. திராட்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

கரைக்கு வரும் மீனை ஏலம் கூறுவது அவர் தொழில், அதுவே பெயருமாயிற்று. வீட்டிலும் அதே குரல்தான். அவர் தேநீர் கேட்டால் தெரு முழுவதும் அடுப்பு மூட்டும். பக்கத்து வீட்டில் பரீட்சைத் தாள் திருத்தும் ஆசிரியையாகிய நான் யன்னலைச் சாத்தியே வாழ்ந்தேன்.

மணலில் நட்ட அந்தக் கொடியின் முதற்குலையைக் கோயிலுக்குக் கொடுப்பதாக அவர் நேர்த்தி வைத்திருந்தார். மழை பொய்த்த ஆண்டொன்றில் புறங்கையை இலையில் வைத்துப் பார்த்தவர் வேலிக்கு ஓடி வந்தார்.

"ரீச்சர், கொடிக்குக் காய்ச்சல்!"

"இலையின்ரை அடியிலை சின்னச் சின்ன வாய் இருக்கு. வெக்கைக்குத் தண்ணி போகாமல் மூடிக்கொள்ளும். வேர்க்காத உடம்பு மாதிரி இலை சுடும். கனநாள் மூடினால் அது சாப்பாடும் சமைக்காது" என்றேன்.

"அது வாயைப் பொத்திப் பட்டினி கிடக்க, நான் கத்தித் திரியிறதோ?"

மறுநாள் முதல் உச்சிவெயிலில் அவர் பேசவில்லை. பிந்தி வந்த வள்ளத்து மீனை விரல்களாலேயே கூறினார். காதைச் சொறிந்த பாவத்துக்கு ஒருவர் ஒரு கூடை சூடை மீனுடன் வீடு போனார்.

மௌனம் போதாதென்று, நிழலுக்காகப் பழைய வலைகளை மடித்துப் பந்தலில் போர்த்தினார். சில நாளில் இலையோரங்கள் கருகின. மனைவி திரேசம்மா ஓர் இலையைக் கிள்ளி நக்கிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ! வலை முழுக்கக் கடல் உப்பு. பனியிலை கரைஞ்சு சொட்டியிருக்கு. கொடியைக் கருவாடாக்கிப் போட்டியளே!"

அது மத்தியானம், அவர் பதில் சொல்லவில்லை. கண் மட்டும் கலங்கியது. வலைகளை இழுத்தெறிந்து, தாம் குளிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரால் இலை இலையாகக் கழுவினார். ஆனாலும் இலைகள் பல உதிர்ந்தன. இருந்த ஒரே குலையும் சுருங்கி விழுந்தது. கொடி செத்துவிட்டதென்று ஊர் முடிவு கட்டியது. அவரோ மத்தியான மௌனத்தைக் கைவிடவில்லை. அந்த அமைதியில் எனக்கு ஒரு தாளும் திருத்த ஓடவில்லை.

மாரி தொடங்கியபின், மழை ஓய்ந்து வெயில் எறித்த ஒரு நண்பகலில் அந்தக் குரல் வெடித்தது.

"ரீச்சர்! காய்ச்சல் விட்டிட்டுது! புது இலை குளிருது!"

தூக்கம் கலைந்த தெரு அவரை ஏசித் தீர்த்தது. நான் எழுந்துபோய் யன்னலை அகலத் திறந்து வைத்தேன்.