பின்பக்கம் பத்தடி

"பின்னுக்குப் பத்தடி சும்மா விட வேணும், மாத்தயா. அது சட்டம்," என்றார் மாநகரசபைக் கந்தோரில் கட்டிட அனுமதி பார்க்கும் அதிகாரி.

"எனக்கு இருக்கிறதே பன்னிரண்டடி. மிச்ச ரெண்டடிக்குள்ள என்ர மனிசியை நிப்பாட்டியோ வைக்கிறது?" என்று கேட்டார் இராசரத்தினம்.

அதிகாரி சிரிக்கவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் லேசில் சிரிக்க மாட்டார்கள்.

கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் இராசரத்தினத்துக்குக் கீழே புடைவைக்கடை, மேலே குடித்தனம். மனைவி சிவமணி இடுப்பெலும்பு முறிந்து மேலே படுத்த படுக்கையானபின் மண்ணில் கால் வைக்கவில்லை. அந்த ஒடுங்கிய படியில் அவளை இறக்கி ஏற்ற நாலு பேர் மல்லுக்கட்ட வேண்டும். கடைக்குப் பின்னால் ஓர் அறை போட்டுவிட்டால் ஒரேயடியாக இறக்கிவிடலாம், காலையில் வாசலில் வெயில் காயவிடலாம். அவளுடைய இருதயம் கனகாலம் தாங்காது என்று டொக்டர் சொன்னதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கடை பூட்டினால் சாப்பாடு, பேப்பர், நித்திரை என்று வாழ்ந்த மனிதர் அவர். அன்றைக்குக் கொதி தாங்காமல் நேரே கட்டிலடிக்குப் போய் முறையிட்டார்.

"நிப்பாட்டி வைக்கிறதோ எண்டு கேட்டனீங்களோ?" சிவமணி இருமல் வரும்வரை சிரித்தாள். "பிறகு? அவர் என்ன சொன்னவர்?"

கட்டிடப் படம் கீறுகிற உமாசுதன் அறையைச் சுருக்கிக் கீறினான். கட்டிலின் கால்மாடு கதவுக்கு வெளியே நின்றது.

"அப்ப சாமியறை எண்டு போடுவம் அங்கிள். சாமிக்கெண்டால் கொஞ்சம் பாத்துச் செய்வினம்."

அதிகாரி படத்தைப் பார்த்து, "மே கோவிலக்த?" என்றார். கோவிலா என்று சிங்களத்தில் கேட்கிறார். கோவில் மாதிரித்தானே என்று இராசரத்தினம் பலமாகத் தலையாட்டினார்.

அடுத்த கிழமை, இந்த இடத்தில் கோவில் கட்டுவதில் யாருக்கும் ஆட்சேபணை உண்டா என்ற அறிவித்தல் கடைக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. எந்தச் சாமி என்று கேட்டுச் சனம் வந்தது. மணிச்சத்தம் வேண்டாம் என்று எதிர் ஃபிளாட்காரர் மனுக் கொடுத்தார்கள். அத்திவாரம் வெட்ட முன்னமே நிர்வாகசபை ஒன்று கூடி, கூடிய கையோடு இரண்டாக உடைந்தது.

"தலைவர் ஆராம்?" என்று கேட்டாள் சிவமணி.

"ரெண்டு பேராம்!" இராசரத்தினம் கதிரையைக் கட்டிலோடு இழுத்துப்போட்டு, இரண்டு தலைவர்களையும் நடித்துக் காட்டினார். அவளுக்கு முன்னால் சிரித்தார். படியிறங்கும்போது டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. நாள் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில், கோவிலில்லை, நோயாளிக்கு அறைதான் என்று விளங்கியபின் அதிகாரியே மனமிரங்கினார். பின்வீட்டுக்காரர் சம்மதம் என்று கையெழுத்து வைத்தால் பத்தடியைக் குறைக்கலாமாம்.

இராசரத்தினம் துள்ளிக்கொண்டு ஓடினார். பின்வீட்டுத் தாஸிம் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புகிற மனிதர். அவர் வீட்டு ஜன்னலில் நின்றால் சிவமணியின் கட்டில் தெரியும்.

"அதுக்கென்ன அண்ணே, நாளைக்கு வாங்க," என்றார் தாஸிம்.

நாளைக்குப் போனால் காற்று மறைக்கும் என்றார். இராசரத்தினம் கூரையைப் பதித்துப் புதுப்படம் கீறுவித்தார். அதற்குப் பிறகு வெளிச்சம் மறைக்கும் என்றார். சுவரைத் தள்ளிக் கீறுவித்தார். பிறகு மழைத்தண்ணீர் தன் பக்கம் விழும் என்றார். பீலி போட்டுக் கீறுவித்தார். ஒவ்வொரு படத்துக்கும் கந்தோரில் புதிதாய் வரிசையில் நின்றார்.

"இண்டைக்குத் தாஸிம் தம்பி என்ன சாட்டுச் சொன்னவர்?" சிவமணி அவர் செருப்பைக் கழற்ற முன்னமே கேட்பாள்.

"நாசமாப் போவான், பீலியில தண்ணி தேங்கி நுளம்பு வருமாம்!"

"நுளம்போ!" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிறகு?"

பிறகு ஒருநாள் காலை, அவர் தேத்தண்ணீரோடு மேலே போய்க் கூப்பிட்டபோது சிவமணி எழும்பவில்லை. நாலு பேர் பிடித்துத்தான் அவளைப் படியால் இறக்கினார்கள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபின் தாஸிம் தயங்கித் தயங்கிக் கடைக்குள் வந்தார். இராசரத்தினத்துக்கு அவரைக் கண்டதும் அடக்கிவைத்ததெல்லாம் வெடித்தது.

"ஒரு கையெழுத்து! காசு கேட்டனானே, காணி கேட்டனானே? அது இருந்திருந்தா ஒரு நாளெண்டாலும் அவளை வெயில்ல இருத்தியிருப்பன். காத்தாம், நுளம்பாம்! உமக்கு நான் என்ன பாவம் செய்தனான்?"

தாஸிம் கடைக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"நான் முதல் நாளே சைன் வைக்கத்தான் இருந்தேன் அண்ணே. அக்காதான் ஜன்னலால கூப்பிட்டு, 'வச்சிராதைங்கோ தம்பி, வச்சால் கதை முடிஞ்சிடும். இந்த மனிசன் இப்பதான் என்னோட கதைக்கத் தொடங்கியிருக்கு' எண்டாங்க."