கடதாசி இல்லாமல் வந்த முடி மருந்து

கொட்டாஞ்சேனை,
14.09.1997

அன்புள்ள மச்சான் ஹியூபேட்டுக்கு,

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் கனடாக் குளிரில் காத்தருள்வாராக. இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டி வரும். ஆகவே உள்ளதை எழுதுகிறேன், இருந்து வாசி.

முடி வளரும் மருந்து கேட்டது நான்தான், மறுக்கவில்லை. மாப்பிள்ளைக் கோலம் காட்டவா கேட்டேன்? அடையாள அட்டைப் படத்தில் பதினைந்து வருஷத்துக்கு முந்திய சுருட்டை முடி, தலையிலோ ஒன்றுமில்லை. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் அட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "மே ஒயாத?", இது நீயா என்று கேட்டு, அரை நாள் இருத்திவைக்கிறான்கள். புது அட்டைக்குக் கொடுத்த விண்ணப்பம் ஒன்பது மாதமாக எங்கே கிடக்கிறதோ தெரியாது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும், பார்சல் பாரம் கூடுமென்று பெட்டியையும் உள்ளே இருந்த விளக்கக் கடதாசியையும் எறிந்துவிட்டு, பாஸ்குத் திருநாளுக்கு நாலு போத்தலை மட்டும் சேட்டுக்குள் சுருட்டி அனுப்பினாயே, உனக்கு மூளை இருக்கிறதா?

எவ்வளவு பூசுவதென்று யாருக்குத் தெரியும்? உன் அக்கா பேர்ணடெற் நல்லெண்ணெய் மாதிரி உள்ளங்கை நிறைய ஊற்றி மூன்று வேளையும் அரக்கித் தேய்த்தாள். முதல் மாதமே காதோரம் இருந்த மிச்சமும் கொட்டியது. பயந்துபோய் இரட்டிப்பாகப் பூசினோம். நெற்றி சிவந்து கடித்தது, கால் வீங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. கை கழுவாமல் முகம் துடைத்த உன் அக்காவுக்குக் கன்னத்தில் மயிர் முளைத்து, இப்போது முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு பூசைக்குப் போகிறாள்.

மூன்று கிழமைக்கு முன் சாவடி வரிசையில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். சேட்டுப் பையில் மத்தியானத்துக்கென்று எடுத்துப்போன மருந்து, பெயர் ஒட்டாத சின்னப் போத்தலில். தமிழன் விழுந்து கிடக்கிறான், பையில் போத்தல். புலிகளின் நஞ்சுக் குப்பி என்று துவக்கை நீட்டினான்கள். "கொண்டேட பெஹெத்", முடிக்கு மருந்து என்று சிங்களத்தில் கெஞ்சினேன். வழுக்கைத் தலையைப் பார்த்துவிட்டு எவன் நம்புவான்? இரண்டு நாள் பொலிஸில் இருந்தேன். பங்குச் சுவாமியார் வந்து கையெழுத்து வைத்தபிறகுதான் விட்டார்கள்.

பிறகு மருந்துக்கடை பௌஸியிடம் போனால் அவர் தலையில் கை வைத்தார். "என்ன அண்ணன் செஞ்சிருக்கீங்க? ஒரு தரத்துக்கு ஒரு மில்லி, காலையும் பின்னேரமும், காஞ்ச தலையில மட்டும். பூசினா கைய கழுவணும். மொதல்ல கொஞ்சம் கொட்டும்தான், அதுக்குக் கூட்டிப் பூசுறதா? ப்ரஷர் இருக்கிற ஆள் டொக்டர கேக்காம தொடவே கூடாதே."

டொக்டர் அதைவிடக் கத்தினார். "உமக்கிருக்கிற பிரஷருக்கும் குடிக்கிற குளிசைக்கும் இது ஆகாது. இனித் தொட்டால் உம்முடைய நெஞ்சுக்கு நான் பொறுப்பில்லை" என்றார். இவ்வளவும் நீ எறிந்த கடதாசியில் இருந்திருக்கும். இனி ஒரு போத்தல் என் வாசலுக்கு வந்தால் உன் உறவே எனக்கு வேண்டாம்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாதா உன்னை மன்னிப்பாராக. எனக்கு இன்னும் நாள் எடுக்கும்.

இப்படிக்கு,
உன் அத்தான் நிக்கலஸ்

பி.கு. இதைத் தபாலில் போடப் போகையில் அதே சாவடி. சிப்பாய் அட்டையைப் பார்த்தான், தலையில் இப்போது முளைத்திருக்கிற கொஞ்ச முடியைப் பார்த்தான், "ஹரி, யன்ன", சரி போ என்றான். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. றோட்டிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்னும் இரண்டு போத்தல் அனுப்பு. துறைமுகத்தில் என் வேலைக் கந்தோர் விலாசத்துக்கு அனுப்பு, அக்காவுக்குத் தெரியக் கூடாது. நெஞ்சு நிற்பதானால் நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபிறகு நிற்கட்டும்.