அதிகாரி மேல் பொரிந்த கல்லுப்பு

பெரிய அதிகாரி வகுப்புக்குள் வந்தால் பல ஆசிரியர்களுக்குத் தெரிந்த பாடமும் மறந்து போகும். எனக்கு நேர்மாறு. தெரியாததைக்கூடத் தெரிந்த மாதிரி வாய் பேசும். அந்த வாயால் ஒருநாள் என் வேலையே போகப் பார்த்தது.

ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோர ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருஷம். "நாளைக்கு ஆய்வுக்கு வராங்க டீச்சர். ஒங்க வகுப்பு நல்லாப் போனா அடுத்த வருஷமும் இருங்க. இல்லாட்டி என் கையில ஒண்ணும் இல்ல" என்று தலைமையாசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூணு வருஷம் வீட்டில் உட்கார்ந்து, "ஒனக்கெல்லாம் எதுக்கு வேலை?" என்ற சொந்தக்காரர்களோடு மல்லுக்கட்டி வாங்கிய வேலை. விட மனசில்லை.

ஒன்பதாம் வகுப்பு. அயனிச் சேர்மங்களை அவற்றின் பண்புகளை வைத்து அடையாளம் காணும் பாடம். படிகமாக இருக்கும், லேசில் உருகாது, திண்மமாக இருக்கும்போது மின்சாரம் கடத்தாது, தண்ணீரில் கரைத்தால் கடத்தும். ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தூளுப்பு இருந்தது. நான் விட்டேனா? படிகம் என்றால் பார்க்கப் பளபளவென்று இருக்க வேண்டாமா என்று, கடற்கரையில் கருவாட்டுக்குப் போடும் உப்பு மூட்டையிலிருந்து பெரிய பெரிய கல்லுப்பாகப் பொறுக்கிக் கொண்டுவந்தேன். (அன்றைக்கே யாராவது கையில் ரெண்டு போட்டிருக்கலாம்.)

அதிகாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் தலைமையாசிரியை. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பேட்டரியும் குட்டி எல்.இ.டி. பல்பும் மாட்டிய ரெண்டு கம்பியை உப்புக் குவியலில் குத்தினேன்.

"பாருங்க பிள்ளைகளா, பல்பு எரியாது."

எரிந்தது. மங்கலாகத்தான், ஆனால் எரிந்தது. எதுவுமே நடக்காத மாதிரி, கரண்டியில் உப்பை அள்ளி ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். "சர்க்கரைன்னா இந்நேரம் உருகியிருக்கும். உப்பு அசையாது. ஐயா, கிட்ட வந்து பாருங்க!"

ஐயா கிட்ட வந்தார். படபடபடவென்று வெடித்தது பாருங்கள்! திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட உப்பு மாதிரி பொரிந்து, அவர் கண்ணாடியில் ஒன்று, மீசையில் ஒன்று, சட்டைப்பைக்குள் நாலைந்து. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஆத்தாடி, ஐயாவுக்கு எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு!"

வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏன் டீச்சர் வெடிச்சுச்சு?" என்றார்.

"தெரியலீங்க ஐயா" என்றேன். வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ரெண்டாம் வரிசையில் சபீனா எழுந்தாள். அவள் வீட்டில் கருவாடு போடுகிறார்கள். "ஐயா, கல்லுப்பு காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் இருக்கும். அதான் பல்பு எரிஞ்சுச்சு. சூடு பட்டா உள்ள இருக்க தண்ணி ஆவியாகி கல்லை ஒடைச்சிரும். எங்க அம்மா சத்தம் நிக்கிற வரைக்கும் வறுத்துத்தான் டப்பால போடுவாங்க. டீச்சர், இன்னும் கொஞ்சம் வறுங்க."

உப்பைப் பீங்கான் கிண்ணத்தில் கொட்டி, மூடி போட்டு வறுத்தேன். சத்தம் அடங்கியது. ஆறவைத்துக் கம்பியைக் குத்தினேன். பல்பு எரியவில்லை. தண்ணீர் ஊற்றியதும் பளிச்சென்று எரிந்தது. முதலில் கைதட்டியது அந்த அதிகாரிதான். அந்த மனுசன் நல்லா இருக்கணும்.

சாயங்காலம் தலைமையாசிரியை கூப்பிட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போனேன் (அப்படியே பஸ் ஏறிவிடலாமே). "அடுத்த வருஷமும் ஒன்பதாம் வகுப்பு ஒங்களுக்குத்தான் டீச்சர். உப்பை மட்டும் பிள்ளைககிட்ட கேட்டு எடுங்க" என்றார்.

இன்று வரை சபீனாவை நினைக்காமல் அந்தப் பாடத்தை நான் நடத்தியதில்லை. நான் சாப்பிடும் சோறு அவள் வாங்கிக் கொடுத்தது. வீட்டில்தான் மானம் போகிறது. சொந்தத்தில் எந்தப் பொண்ணு மாப்பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றினாலும், என் வீட்டுக்காரர் உப்பை என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போடுவார்: "எல்லாரும் நாலடி தள்ளி நில்லுங்க! இவ சுத்துனா கவர்மெண்டு ஆபீசரே தப்ப முடியாது!"