சனாதிபதி அண்ணையின் பதினெட்டு அடி

சொகுசுக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதில் ஏறிப் போவதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்தால், சனாதிபதி அண்ணையை இன்னும் சந்திக்கவில்லை என்று அர்த்தம். ரொறன்ரோவில் மட்டுமல்ல, வட அமெரிக்கா முழுவதிலுமே, கார் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காக வருடத்தில் ஐந்து மாதம் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த ஒரே மனிதர் அவர்தான். கார் வாசலில் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அண்ணை பஸ் தரிப்பில் மூக்குச் சிவக்க நின்றுகொண்டிருப்பார்.

"உப்பு தம்பி, உப்பு," என்பார். "றோட்டில கொட்டுற உப்பு இரும்பைத் திண்டுபோடும். எனக்கென்ன, தோல்தானே."

காரின் பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும் என்று பத்திரிகை ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே இவ்வளவுதான் சொல்வேன். அமெரிக்கக் கார். ஒரு பழைய அமெரிக்க ஜனாதிபதியின் பெயர் அதற்கு. நிறம் கறுப்பு. நீளம் பதினெட்டு அடிக்கு மேலே. முன்பக்கம் வந்து சேர்ந்து, நீங்கள் வணக்கம் சொல்லி, சுகம் விசாரித்து முடிக்கும்போதுதான் பின்பக்கம் வந்து சேரும். இந்தக் காரினால் அவருக்குச் சனாதிபதி அண்ணை என்று பட்டம் விழுந்தது. ஞானஸ்நானப் பெயர் என்னவென்று அவருடைய மனைவி றீற்றா அக்காவுக்குத்தான் தெரியும். அவரும் கோபம் வந்தால் மட்டுமே அதைப் பாவிப்பார்.

அண்ணைக்கு ஊர் மன்னார். கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பத்தொன்பதாம் மாடியில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்திருக்கிறார். ஜன்னலால் பார்த்தால் கீழே போகிற கார்கள் எல்லாம் தீப்பெட்டி அளவில் தெரியுமாம். ஒருநாள் இரண்டு தீப்பெட்டியை ஒட்டிவைத்தது போல ஒன்று போனது. உது என்ன கார் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். பெயரைக் கேட்ட அன்றே முடிவெடுத்துவிட்டார். அந்த முடிவு நிறைவேற இருபது வருடம் பிடித்தது. விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய ஒரு லிமோ ஓட்டுநர் ஓய்வுபெற்றபோது அவரிடமிருந்து வாங்கினார். வெக்ஸ்போர்ட்டில் வரிசை வீடுகள் உள்ள எங்கள் ரவுண்ஹவுஸ் வளவில் அவர் வீடு வாங்கியதற்கும் அதுவே காரணம். குசினி ஜன்னலைத் திறந்தால் கார் நிற்கும் இடம் நேரே தெரியும். வீட்டில் எத்தனை அறை என்று றீற்றா அக்காதான் எண்ணிப் பார்த்தார்.

காரை அவர் ஒருநாளும் "அது" என்று சொன்னதில்லை. "அவர்" என்றுதான் சொல்வார். வயது போன கார் என்றபடியால் விடியும்போது பின்பக்கம் தரையை நோக்கி இறங்கியிருக்கும். திறப்பைப் போட்டுத் திருகினால் உஸ்ஸென்று மூச்சுவிட்டு மெல்ல மெல்ல எழும்பும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, கார் பழுதாகிவிட்டது என்று நான் பதறிப்போனேன்.

"பழுதில்லை. முழங்காலில நிண்டு காலமைச் செபம் சொல்லுறார். முடியட்டும், எழும்புவார்," என்றார் அண்ணை.

அந்தக் காருக்குள் செருப்போடு, சப்பாத்தோடு ஏறக் கூடாது. வீட்டுக்குள் எப்படிப் போவோமோ அப்படித்தான் ஏற வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது பெரிய விஷயமில்லை என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வளவில் ஒரு கலியாணம் வந்தது. பொம்பிளையை மாதா கோயிலுக்கு ஏற்றிப்போகும் பொறுப்பை அண்ணை தானாகவே கேட்டு வாங்கினார். பொம்பிளை, தகப்பன், தாய், தோழிகள் இருவர் என்று ஐந்து பேரும் வாசலில் பாதணிகளைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். அண்ணை ஒவ்வொரு கதவாகத் தானே போய், சத்தம் வராமல் சாத்தினார். கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார். கார் புறப்பட்டது.

பின்னால் என்னுடைய சின்னக் காரில் வந்த நான், பார்க்கிங் இடத்தில் ஐந்து சோடிச் சப்பாத்துகள் வரிசையாக நிற்பதைக் கண்டேன். எல்லாவற்றையும் ஓர் அரிசிப் பையில் அள்ளிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். அங்கே பொம்பிளை சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வெறுங்காலோடு படியில் நிற்கிறாள். தகப்பன் காலுறையோடு நிற்கிறார். பங்குத்தந்தை ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

"மடு மாதாவிட்டை நாங்கள் வெறுங்காலோடதானே போறனாங்கள், சுவாமி," என்று அண்ணை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். "பிள்ளை நேர்த்தி வைச்சிருக்கும்."

காரின் சரித்திரத்தை அவர் யாருக்கும் இலவசமாகச் சொல்வார். பீட்சா கொண்டுவருபவருக்குச் சொல்வார். தண்ணீர் மீற்றர் பார்க்க வந்தவருக்கும் சொன்னார். அந்தக் கம்பனி முதலாம் உலகப் போரில் விமான இயந்திரம் செய்யத்தான் தொடங்கப்பட்டதாம். போர் முடிந்ததும், கையில் இருக்கிற தொழிற்சாலையை என்ன செய்வது என்று யோசித்து, கார் செய்யப் போனார்களாம். தொடங்கியவர் வயதான மனிதர். இளவயதில் அவர் முதன்முதல் வாக்குப் போட்டது அந்த ஜனாதிபதிக்காம். அந்த விசுவாசத்தில்தான் காருக்கு அந்தப் பெயரை வைத்தாராம். பிறகு எத்தனையோ ஜனாதிபதிகள் அந்தக் கம்பனிக் காரில் ஊர்வலம் போனார்கள். கடைசிக் காலத்தில் இந்த நீளக் காரை எங்கள் ஒன்ராறியோவிலேயே செய்தார்கள் என்ற இடம் வந்தால் அண்ணையின் குரல் கொஞ்சம் உயரும்.

"அமெரிக்கன் எண்டு சொல்லுறியள். உவர் கனடாவில பிறந்தவர். நான் சிற்றிசன் எடுக்க எத்தனை வருசம் அலைஞ்சனான்? உவர் பிறக்கேக்கையே சிற்றிசன்."

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரேயொரு சிக்கல், வளவில் ஒரு காருக்கு ஒதுக்கிய இடம் பதினேழு அடி. சனாதிபதியின் வால் ஒன்றரை அடி ஒழுங்கைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கோடையில் அதைச் சுற்றிப் போகலாம். பனிக்காலத்தில் ஒழுங்கையின் மற்றப் பக்கத்தில் பனியைக் குவித்துவிடுவார்கள். பாதை ஒடுங்கிவிடும். அந்தக் காலத்தில்தான் அண்ணை காரை அசைக்கவும் மாட்டார்.

போன தை மாதம் ஒரு காலையில், ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் இருக்கும் முதியவர் ஒருவருக்கு நெஞ்சு நோ வந்தது. அம்புலன்ஸ் வந்து, பனிக் குவியலுக்கும் சனாதிபதியின் வாலுக்கும் இடையில் போக முடியாமல் நின்றுவிட்டது. படுக்கையை ஆறு வீடு தூரம் பனிக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சில்லுப் புதைந்தபோது வீட்டுச் சாரத்தோடு ஓடிவந்து தள்ளிக்கொடுத்தது அண்ணைதான். முதியவர் தப்பிவிட்டார். இப்போது முன்னரைவிட உரத்த குரலில் எல்லோரையும் ஏசிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். அன்று மட்டும் அவருடைய முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அதை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் வளவின் நிர்வாகக் குழுவுக்கு முறைப்பாடு வந்தது. குழுவில் ஐந்து பேர். நான் செயலாளர். மற்றவர்கள் வேண்டாம் என்று சொன்ன பதவி என்பதால் எனக்குக் கிடைத்தது. ஐந்து பேரில் தமிழ் ஆள் நான் ஒருவன்தான். காரை வளவிலிருந்து அகற்றுவதா, விடுவதா என்று வாக்கெடுப்பு வைப்பதாக முடிவானது.

அண்ணை என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அவர் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"காலமை எழும்பினா முதல்ல அவரைத்தான் பாக்கிறனான், தம்பி. பிறகுதான் றீற்றாவை. அவவுக்கும் அது தெரியும். கொமிற்றியில நீ இருக்கிறாய்தானே?"

"இருக்கிறன் அண்ணை."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, எழும்பிப் போனார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் கூட்டம். அண்ணை கோட் சூட்டோடு வந்தார். தனக்குத் தந்த ஐந்து நிமிடத்தில் நாலரை நிமிடம் காரின் சரித்திரத்தைச் சொன்னார். விமான இயந்திரம், உலகப் போர், கிழவர் போட்ட முதல் வாக்கு எல்லாம் வந்தன. வாக்குக்கு மரியாதை செய்து பெயர் வைத்த கார் இது, உங்கள் வாக்குக்கும் நான் மரியாதை செய்வேன் என்று முடித்தார். அவர் அவ்வளவு நல்ல ஆங்கிலம் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரகசிய வாக்கு. ஆளுக்கொரு துண்டுத் தாள். அகற்ற வேண்டுமா, ஆமா இல்லையா என்று எழுதி மடித்து ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட வேண்டும். அண்ணை எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்த முதியவரின் முகத்தை நினைத்துக்கொண்டு அவசரமாக எழுதி, மடித்து, உள்ளே போட்டேன்.

தலைவி ஒரு கிரேக்கப் பெண்மணி. ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். இரண்டு ஆம். இரண்டு இல்லை. ஐந்தாவது தாளைப் பிரித்தவர் புருவத்தைச் சுருக்கினார். தாளைத் தலைகீழாகத் திருப்பினார். பிறகு எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

முப்பது வருடமாக இந்தப் பத்திரிகை அந்தப் பத்திரிகை என்று எழுதுகிற கை. தாளும் பேனாவும் கிடைத்தால் அதற்கு ஒரு மொழிதான் தெரியும். தாளில் வட்ட வட்டமாக, அழகாக, ஆம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லான "ஓம்" என்று எழுதியிருந்தேன்.

நான் விளக்கம் சொல்ல எழும்பினேன். குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். விதிப்புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குபவர். அவர் கையை உயர்த்திவிட்டார். இது இரகசிய வாக்கு, எழுதியவர் யார் என்று வெளியே வரக்கூடாது, ஆகவே குழுவில் இல்லாத ஒருவர்தான் இதை வாசித்துச் சொல்ல வேண்டும் என்றார். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் எழுதியவர் யார் என்று தெரியும். ஆனால் விதி விதிதான். குழுவில் இல்லாமல், அந்த எழுத்தை வாசிக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான் அங்கே இருந்தார்.

தாள் மேசை வழியாகக் கைமாறிக் கைமாறி அண்ணையிடம் போனது. அவர் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். அங்கே இல்லை. கோட் பையில் தேடினார். அங்கேயும் இல்லை. கண்ணாடி தலையில் இருந்தது. அதை இறக்கிப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். ஒரே ஓர் உயிரெழுத்தும் ஒரு மெய்யும். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் "இல்லை" என்று எழுதியிருப்பதாக அவர் சொல்லியிருந்தால் பிழை பிடிக்க அங்கே ஒருவரும் இல்லை. என்னையும் விதி வாய் திறக்க விட்டிருக்காது.

"யெஸ் என்று எழுதியிருக்கிறது, மேடம்," என்றார் ஆங்கிலத்தில்.

பிறகு தாளை என் பக்கம் தள்ளிவிட்டுத் தமிழில் சொன்னார். "கையெழுத்து வடிவா இருக்கு, தம்பி."

அந்த அறையை விட்டு எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாக்குப் போட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. அதை அவர் முகத்தைப் பார்த்து முன்னரே சொல்லாததற்குத்தான் வெட்கப்பட்டேன். அண்ணை வாசலில் எனக்காகக் காத்து நின்றார். இருவரும் பனிக்குள் நடந்தோம்.

"அண்ணை, நீங்கள் நோ எண்டு வாசிச்சிருக்கலாம். அங்க ஆருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே."

கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு சொன்னார். "அந்தாளை நானும் சேந்துதானே தள்ளினனான். எவ்வளவு பாரம் தெரியுமே? உன்ரை இடத்தில நான் இருந்தாலும் ஓம் எண்டுதான் எழுதியிருப்பன்." இன்னும் நாலு அடி நடந்தார். "ஆனா இங்கிலிசில எழுதியிருப்பன்."

கார் ஒஷாவாவுக்குப் போனது. அங்கே அண்ணையின் மகள் வீட்டின் முன்னால் கார் நிறுத்த நீளமான பாதை இருக்கிறது. கொண்டுபோன அன்று நெடுஞ்சாலையின் வலதுபக்க ஓரத்தால், பார ஊர்திகள் எல்லாம் முந்திப் போக, எண்பதில் ஓட்டினாராம். பிறகு ஒரு மாதம் குசினி ஜன்னல் திரை மூடியே கிடந்தது. மனிதர் வாசலில் நின்று சரித்திரம் சொல்லவில்லை. பீட்சா வேளைக்குச் சூடாக வந்து சேர்ந்தது. வளவு முழுக்க அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

பனி கரைந்து மழை உப்பைக் கழுவிய பிறகு, அண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஒஷாவா போவார். அங்கே காரை எடுத்துக்கொண்டு வருவார். ஞாயிறு றீற்றா அக்காவைப் பூசைக்கு ஏற்றிப் போவார். பின்னேரம் காரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வருவார். சனிக்கிழமை இரவு கார் நிற்க ஓர் இடம் வேண்டும். வளவின் வாயிலில் விருந்தாளிகளின் கார்களுக்கென்று அகலமான இடம் இருக்கிறது. அங்கே யாருடைய வாலும் யாரையும் மறிக்காது. ஆனால் அனுமதிச் சீட்டு எழுத வேண்டும். எழுதிக் கையெழுத்து வைப்பது செயலாளர்.

அந்தச் சீட்டில் "யாரைப் பார்க்க வந்தது" என்று ஒரு கட்டம். குடியிருப்பவர் தன் சொந்த வீட்டு இலக்கத்தைப் போடக் கூடாது என்பது விதி. தபால்காரர் ஒவ்வொரு ஞாயிறும் கார்க் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்து அந்தச் சீட்டை வாசிக்கிறார். அதில் என்னுடைய வீட்டு இலக்கம் இருக்கிறது. இந்த முறை கவனமாக இங்கிலிசில் எழுதியிருக்கிறேன். பொய் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் சனிக்கிழமை பதினொரு மணியானால் நான் தேத்தண்ணிக்குத் தண்ணீரை வைத்துவிட்டு வாசலில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விருந்தாளி வருகிற வீட்டில் அப்படித்தானே நிற்பார்கள்.