சர்க்கரைக்கு இடது கால்

முதல் ஈடு பாகு தண்ணீராக ஓடியது. சரி என்று இன்னும் கொஞ்சம் காய்ச்சினாள், கல்லாகிவிட்டது. கல்லை இளக்க வெந்நீர் ஊற்றினாள். இப்போது சட்டியில் இருப்பதை இருமல் மருந்து என்று யாராவது குடித்துவிடுவார்கள்.

"என்ன சர்க்கரை, இன்னிக்கு முடி எடுக்கிறியா, மிட்டாய் விக்கிறியா?" வாசலில் நாத்தனார் சிரித்தாள்.

அழகு நிலையத்தில் அவளுக்குப் பெயரே சர்க்கரைதான். சர்க்கரையும் எலுமிச்சையும் காய்ச்சிய பாகால் கை கால் முடியைப் பிடுங்குவது அவள் வேலை. அதையே மெழுகால் செய்கிறவள் நாத்தனார். முதலாளியம்மாவின் புருஷனோடு பிறந்தவள். அதனால் கடையில் எல்லோருக்குமே நாத்தனார்.

இனி கடையில் ஒரு ஆள்தான். முதலாளியம்மா நேற்றே சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு எங்க சித்தி வருவாங்க. ஒரு கால் மெழுகு, ஒரு கால் பாகு. எது வலிக்கலைன்னு சித்தி சொல்றாங்களோ, அவ இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா நாத்தனார்தான். இல்லேன்னா என் வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்ல முடியாது."

சர்க்கரையின் வீட்டுக்காரன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறான். இன்று காலை அவள் கிளம்பும்போது, "இந்த வேலையும் போச்சுன்னா என்னை எங்கேயாவது தள்ளிவிட்டுட்டுப் போயிடு" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான் என்று பஸ் முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

சித்தி ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து கட்டிலில் மல்லாந்து படுத்தாள். இரண்டு கால்களிலும் இருபது வருஷத்து முடி.

"சர்க்கரை, உனக்கு இடது கால்," என்றாள் முதலாளியம்மா. "நாத்தனாருக்கு வலது."

நாத்தனார் மெழுகு உருக்கப் போனாள். முதலாளியம்மா போனில் பேசப் போனாள். சர்க்கரையின் கண் அலமாரிக்குப் போனது. அங்கே காது குத்த வருகிறவர்களுக்குத் தடவும் களிம்பு இருந்தது. தடவிய இடம் மரத்துப்போகும்.

பாவம்தான். ஆனால் பாகு தண்ணீராக ஓடும்போது பாவ புண்ணியம் பார்க்க முடியுமா? கால்மாட்டில் நின்று, துடைக்கிற சாக்கில், தன் இடக்கைப் பக்கம் இருந்த காலில் அரைக் குழாயைப் பிதுக்கிக் கெண்டைக்காலையும் சேர்த்துத் தேய்த்தாள்.

"ஐயோ, சில்லுன்னு இருக்குடி!"

"சுத்தம் பண்றேங்கம்மா."

களிம்பு ஊறுவதற்குள் புதுசாக ஒரு ஈடு காய்ச்சினாள். கைவிட்ட தெய்வம் திரும்பி வந்ததுபோல் பதம் வந்தது. தேன் நிறம், களிமண் இளக்கம். இனி என்ன, ஜெயித்தாயிற்று.

"கெண்டைக்கால்லேருந்து ஆரம்பிங்க. சித்தி, குப்புறப் படுங்க," என்றாள் போனை வைத்துவிட்டு வந்த முதலாளியம்மா.

சித்தி புரண்டாள். களிம்பு மினுமினுத்த காலும் கூடவே புரண்டு, சர்க்கரையின் வலக்கைப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மல்லாந்து கிடந்தவளின் இடது, கால்மாட்டில் நின்றவளுக்கு வலது. தேய்த்தது நாத்தனாரின் காலில்!

"அக்கா, நான் வலது காலை எடுத்துக்கட்டுமா? எனக்கு அதுதான் கைவாகு."

"சொன்ன காலைச் செய்!" முதலாளியம்மா போட்ட சத்தத்தில் மெழுகுச் சட்டியே ஆடியது.

ஈரத்துணியோடு வலது காலை நோக்கிப் போனாள். களிம்பையாவது துடைத்துவிடலாம். நாத்தனார் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"என் கால்ல கை வைக்காத!"

"ரெண்டும் என் காலுடி," என்றாள் சித்தி.

நாத்தனார் மெழுகைப் பூசி, துணியை ஒட்டி, முடிக்கு எதிர்த்திசையில் சர்ரென்று கிழித்தாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலற வேண்டிய சித்தி கொட்டாவி விட்டாள். முதலாளியம்மாவின் முகம் ஏனோ வெளுத்தது.

சர்க்கரை பாகை அழுத்திப் பரப்பி, முடி படிந்த திசையிலேயே, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுண்டி இழுத்தாள். சித்தியிடமிருந்து சத்தமே இல்லை. அடுத்த இழுப்பு. அதற்கும் இல்லை. கடவுளே, என் கையிலா இவ்வளவு பக்குவம் என்று அவளுக்கே கண் கலங்கியது.

"எது சித்தி வலிச்சது?"

"ரெண்டும் வலிக்கலையேடி!" சித்தி திருதிருவென்று முழித்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த வலது கால் கொஞ்சம்கூடவா...?"

"கடுகளவுகூட இல்லை."

"அப்போ நான்தான்," என்று நாத்தனார் மெழுகுச் சட்டியை மூடினாள்.

முதலாளியம்மா சர்க்கரையின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சர்க்கரை தன் சட்டியைக் கழுவினாள். தண்ணீர் பட்டதும் பாகு கரைந்து போயிற்று. மெழுகுபோல் ஒட்டிக்கொண்டு நிற்க அதற்குத் தெரியாது. சட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, வாசற்படியில் ஊன்றுகோலோடு நின்ற சித்தி அவள் கையைப் பிடித்து, காதருகே குனிந்தாள்.

"அடி பைத்தியமே, என் இடது கால் செத்து அஞ்சு வருஷமாச்சு, கொள்ளி வச்சாலும் தெரியாது, நாத்தனாரை அனுப்ப வேற வழியில்லாமத்தான் உன் முதலாளியம்மா அந்தக் காலை உனக்குக் கொடுத்தா... ஆனா நல்லா இருந்த இந்த வலது காலுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சுன்னுதான் எனக்குத் தெரியலை!"