மாப்ள கார் ஏன் சூடாவுது?

சனிக்கெழம எனக்கு ஒரே ஒரு வேலதான் மக்களே. கார் ஏன் சூடாவுதுன்னு பாக்கணும்.

சித்தூர்லேர்ந்து திருப்பதிக்குக் கெளம்பினா, பாகாலா வர்றதுக்குள்ள சூடு காட்டுற முள்ளு செவப்புக் கோட்டைத் தொட்டுடும். மறுநாள் திருப்பதியில மச்சினிச்சி கொழந்தைக்கு ஞானஸ்நானம். வேலூர்லேர்ந்து மாமனாரும் மாமியாரும் வந்து எறங்கியாச்சு. "மாப்ள கார்லயே போயிடலாம்"னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்காங்க.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். இன்னிக்குக் கல்யாணத்துக்குப் போறானாம்.

"நாளைக்கு?"

"ரேபு செலவு சார்."

"எவ்ளோப்பா செலவு?"

"ஆதிவாரம் சார்! செலவு!"

எட்டு வருஷமா ஆந்திராவுல இருக்கேன். தெலுங்குல ஆதிவாரம்னா ஞாயித்துக்கெழம, செலவுன்னா லீவுன்னு இன்னும் மண்டையில ஏறல!

சரி, நாமளே பாத்துடலாம். மூணு வீடியோ பாத்தேன். தெர்மோஸ்டாட்டுன்னு ஒரு சின்ன வால்வு இருக்காம். இன்ஜின் சூடானா அது தெறந்து தண்ணிய விடணுமாம். அதைக் கழட்டி வெந்நீர்ல போட்டா, தெறக்குதா இல்லியான்னு தெரிஞ்சிடுமாம்.

ரெண்டு போல்ட்டு கழட்ட ரெண்டு மணி நேரம் ஆச்சு.

"ஏங்க, தெரியாத வேலைய ஏன் செய்றீங்க?" ஜன்னல்லேர்ந்து பொண்டாட்டி.

"இது சயின்ஸு. நீ உள்ள போ."

அடுப்புல பாத்திரம் வெச்சு, தண்ணி ஊத்தி, தெர்மோஸ்டாட்டைப் போட்டேன். கொதிக்கிறதுக்குள்ள கையிலயிருக்கிற கிரீஸைக் கழுவலாம்னு பின்பக்கம் போனேன். கிரீஸ் லேசுல போவுதா?

திரும்பி வந்தா, வீடெல்லாம் டீ வாசனை!

"தண்ணி சும்மா கொதிச்சிக்கினு இருந்துச்சு மாப்ள. தூள் போட்டு பாலு ஊத்திட்டேன்"ன்னாங்க மாமியார்.

ஹால்ல மாமனார் டம்ளரை வாய்கிட்ட கொண்டு போய்க்கினு இருந்தாரு.

"குடிக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்துல பாதி டீ வேட்டியில!

பொண்டாட்டி ஓடி வந்தா. "எங்க நைனா ஒரு டீ குடிச்சா உங்களுக்கு என்னா வந்துச்சு?"

பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினேன். அடியில, டீத்தூளுக்கு நடுவுல, இன்ஜின் பார்ட்டு!

மாமியார் கண்ணாடியப் போட்டுப் பாத்தாங்க. "அய்யோ, இஞ்சிய முழுசா போட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் மாப்ள!"

நானும் எட்டிப் பாத்தேன். வால்வு நல்லா வாயத் தெறந்துக்கினு இருந்துச்சு.

"தெறந்துடுச்சு!"ன்னு கத்தினேன். யாரும் சந்தோஷப்படல.

அப்போ கோளாறு எங்கதான்? மாமனார் ஈர வேட்டியோட வெளிய போனாரு. காரைச் சுத்தி வந்தாரு. முன்னாடி குனிஞ்சாரு.

"மாப்ள, ரேடியேட்டருக்கு முன்னால இந்தச் சாக்கு எதுக்கு?"

அய்யோ! எலி ஒயரைக் கடிக்குதுன்னு போன மாசம் நான்தான் அடைச்சேன். கை கூட நுழையாத மாதிரி.

"எலி வருதா?"

"வரல மாமா."

"காத்தும் வரல."

சாக்கை உருவிட்டு, எல்லாத்தையும் திருப்பி மாட்ட உக்காந்தேன். ஒரு போல்ட்டைக் காணோம். பொழுது சாயற வரைக்கும் நாலு பேரும் வாசல்ல குனிஞ்சு தேடினோம். கெடைக்கல.

மறுநாள் பட்டுப்பொடவ, பூ, கொழந்தைக்குத் தொட்டில், எல்லாத்தோடயும் பஸ்ல ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும், ஜன்னலோரம் உக்காந்திருந்த மாமனார் என் பக்கம் திரும்பினாரு.

"பஸ்ஸு சூடே ஆவல பாருங்க மாப்ள."